உயிரோடிருப்பவருக்கு ஓர் இரங்கல் உரை

மார்ச் 4

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரமாக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதவியில் இருந்தவரை என் கடிதங்களைச் செயலாளர்தான் எழுதுவார். நான் கையெழுத்து மட்டும் போடுவேன். இது என் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயது, பெரிய கேமரா. "ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். பெரிய மனிதர்கள் யாராவது இறந்தால் அன்றைக்கு ஓடியோடி ஆள் பிடித்துப் பேச வைக்க முடிவதில்லையாம். அதனால் வயதானவர்களுக்கு முன்கூட்டியே இரங்கல் உரை பதிவு செய்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். "இருக்கிறவங்களைப் பத்தி, இல்லாதவங்க மாதிரி பேசணும். அவ்வளவுதாங்க ஐயா" என்றாள். யாரைப் பற்றி என்று கேட்டேன். உங்கள் பெயரைச் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலைங்க. ஆனா அவருக்கு ரொம்ப நாளா இதய நோய் இருக்காமே. அதனால அவரை முதல்ல வச்சிருக்கோம்" என்றாள். அந்த நோயை உங்களுக்குக் கொடுத்தது எந்த மருத்துவரும் அல்ல, என் அலுவலகம் வெளியிட்ட ஓர் அறிக்கை என்பது நம் இருவருக்கும் தெரியும். அவளிடம், சம்பந்தப்பட்டவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தாள்.

வேடிக்கை இல்லை. உண்மையாகவே கேட்கிறேன். நான் பேசலாமா? பேசினால் என்ன சொல்ல வேண்டும்? என் மந்திரிசபையை விட்டு நீங்கள் வெளியேறிய நாளிலிருந்து நாம் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசும் என் தங்கையும் "அவருக்கு உடம்பு பரவாயில்லைண்ணா" என்பதற்கு மேல் உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. போன் செய்தால் அவள்தான் எடுப்பாள் என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் மைத்துனன்


மார்ச் 11

மாண்புமிகு முன்னாள் பிரதமர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அடியேன் இன்னும் சாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நல்ல வேளை, தபால்காரரை நான் வாசலிலேயே பார்த்துவிட்டேன். இனிமேல் எழுதுவதாக இருந்தால் எங்கள் தெருக்கோடி நூலகத்துக்கு எழுதுங்கள். தினமும் பத்திரிகை படிக்க அங்கே போகிறேன். இந்த வயதில் காதல் கடிதம் மாதிரி ஒளித்து வைத்துப் படிக்கும்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

என் இதய நோயைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. உங்கள் அறிக்கை வந்த அன்றே எங்கள் சமையலில் உப்பு நின்றது. படுக்கையறை கீழே வந்தது. என் பேட்மிண்டன் மட்டையை உங்கள் தங்கை பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்த மனுஷன் அதை வைத்து என் கண் முன்னாலேயே விளையாடினார். எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முதலில் நாற்காலி போடுவார்கள், பிறகுதான் வாங்க என்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. போன மாதம் ஒரு மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்க இதயம் நாற்பது வயசுக்காரர் இதயம் மாதிரி இருக்கு சார்" என்றார். வராத நோய்க்கு இவ்வளவு காலம் பத்தியம் இருந்தால் வேறு எப்படி இருக்கும்? உங்கள் தங்கை அவரை நம்பவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள்.

உங்களுக்கு மறந்திருக்கலாம், அதனால் எழுதி வைக்கிறேன். புதிதாகக் கட்டிய பாலத்தை, அதன் மேல் பாரம் ஏற்றிய லாரிகளை நிறுத்திச் சோதித்துப் பார்க்காமல் திறக்கக் கூடாது என்று மந்திரிசபைக் கூட்டத்தில் சொன்னேன். தேர்தலுக்கு முன்னால் திறந்தே ஆக வேண்டும் என்றீர்கள். துறை மந்திரியாக நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மறுநாள் காலை ரேடியோவைக் கேட்டுத்தான், நான் இதய நோய் காரணமாகப் பதவி விலகிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அந்தப் பாலம் இன்றுவரை விழவில்லை. தினமும் அதன் மேல் லாரி போகிறது. விழுந்து தொலைத்திருந்தால் நான் சொன்னதாவது சரி என்று ஆகியிருக்கும். என்ன எழுத்து இது. விழ வேண்டாம்.

பேச வேண்டுமென்றால் பேசுங்கள். ஆனால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் எனக்கு எழுதுங்கள். ஒளிபரப்பாகும் அன்று உட்கார்ந்து கேட்கும் வசதி எனக்கு இருக்காது.

இப்படிக்கு,
நாற்பது வயது இதயக்காரன்


மார்ச் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாலு தடவை படித்துவிட்டேன். சிரித்தேன். சிரித்தபிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

முதலில் எழுதச் சொன்னீர்கள். எழுதலாம் என்று உட்கார்ந்தால் பழைய பழக்கம் வந்துவிடுகிறது. நாலு வரி எழுதினால் இரண்டு வரி அடிக்கிறேன், மிச்சம் இருப்பது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. இப்படியே போனால் நான் போய்ச் சேரும்வரை எழுதிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. அந்தப் பெண்ணை வரச் சொல்லி நேற்றே பேசிவிட்டேன்.

உள்ளதைச் சொன்னேன். "அவர் பதவி விலகவில்லை, நான் நீக்கினேன். அவருக்கு இதய நோய் எதுவும் இல்லை, அது நான் சொன்ன பொய். பாலம் நிற்கிறது என்பதால் அவர் கேட்டது தவறாகிவிடாது. சோதித்துப் பார்க்காமல் திறந்தது என் பொறுப்பின்மை. அவர் என் தங்கையின் கணவர் என்பதால் நீக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. வீட்டு மனிதர் வெளியே சத்தம் போட மாட்டார் என்று நினைத்தேன்." இவ்வளவும் சொன்னேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் உங்கள் வாசலில் பழியாகக் கிடந்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அரசு கவிழ்ந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? முதலில் பயம் என்று நினைத்தேன். பிறகு வீம்பு என்று நினைத்தேன். இரண்டும் உங்கள் சுபாவம் இல்லை.

தங்கள் மைத்துனன்


மார்ச் 20

யாரைக் கேட்டுப் பேசினீர்கள்? முதலில் எனக்கு எழுதுங்கள் என்றுதானே எழுதினேன். அன்றைக்கும் என்னைக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. உங்களுக்கு வயதுதான் ஆகியிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்களே, கேளுங்கள். அன்று காலை ரேடியோவில் செய்தி வந்ததும் உங்கள் தங்கை ஈரக்கையோடு ஓடிவந்தாள். "என்னங்க, உடம்புக்கு என்ன? அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குச் சொல்லாம இருந்திருக்கீங்களே!" என்று என் நெஞ்சில் கை வைத்தாள். என் வாயில் உண்மை தயாராக இருந்தது. 'உன் அண்ணன் என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பா அம்மா இல்லாத பெண்ணை நீங்கள்தான் வளர்த்தீர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூடவே அவள் பிடிவாதமும் உங்களுக்குத் தெரியும். பேச்சை விட்டால் விட்டதுதான். உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகு உங்கள் வாசற்படியை அவள் மிதிக்க மாட்டாள். எனக்குப் பதவி போனது போதாதா, அவளுக்கு அண்ணனும் போக வேண்டுமா? "ஆமா, நெஞ்சுல கொஞ்சம் கோளாறு. நீ பயப்படுவேன்னு அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் நோயாளி. உங்கள் வீட்டுக்கு வராததற்கும் அதே நோய்தான் காரணம்: உங்களைப் பார்த்தால் அரசியல் பேசுவேன், அரசியல் பேசினால் நெஞ்சு அடைக்கும், டாக்டர் கூடாது என்றிருக்கிறார். அவள் நம்பினாள். தங்கை புருஷன் உடம்புக்காகப் பதவியிலிருந்து விடுவித்த நல்ல அண்ணன் என்று உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நான் செத்த அன்றைக்கு என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். வீடு நிறைய ஆட்கள். யாராவது டி.வி.யைப் போடுவார்கள். நீங்கள் அதில் வந்து உட்கார்ந்து உங்கள் மனதை லேசாக்கிக்கொள்வீர்கள். ஒரே நாளில் அவளுக்குப் புருஷனும் இல்லை, அண்ணனும் இல்லை. சமாதானம் சொல்ல நானும் இருக்க மாட்டேன். உங்கள் மனசாட்சியைக் கழுவ என் சாவு வீடுதான் கிடைத்ததா?

அந்தப் பதிவைத் திரும்ப வாங்குங்கள்.


மார்ச் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

தொலைக்காட்சி நிலையத்துக்கு நேரில் போனேன். நான் திறந்து வைத்த கட்டடம். வாசல் காவலர் என் முகத்தையும் அடையாள அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'பார்வையாளர்' என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சமையல் நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஓர் அம்மாள், "நீங்க எந்த நிகழ்ச்சிக்கு?" என்று கேட்டார். இரங்கலுக்கு என்றேன். பாவம், தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

இயக்குநர் மரியாதையாகத்தான் பேசினார். பதிவானதைத் திருப்பித் தர வழியில்லையாம். பதவியில் இருப்பவரோ இருந்தவரோ கேட்டால் எந்தப் பதிவையும் கொடுக்கவோ அழிக்கவோ கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் எப்போது வந்தது என்று கேட்டேன். "நீங்க கொண்டு வந்ததுதாங்க ஐயா" என்றார். பத்திரிகைச் சுதந்திரத்துக்காகக் கொண்டு வந்தேன். அப்போது பாராட்டு விழாகூட நடந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மாப்பிள்ளை, என்னால் உங்கள் பதவி போனது என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் தங்கை ஒவ்வொரு தடவை வரும்போதும் என் தட்டில் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள். அந்த அன்பு எனக்கு வந்துகொண்டே இருந்ததற்கு நீங்கள் காரணம் என்று தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இனி ஒரே வழிதான். டி.வி. சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். அவளிடம், நேரில், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே. என்னோடு அவள் பேசாமல் போனால் போகட்டும். உங்களைக் கேட்காமல் இனி எதுவும் செய்வதாக இல்லை. வரலாமா?

தங்கள் மைத்துனன்


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

வேண்டாம் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதை எழுதுகிறேன்.

அவளுக்காக நான் இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பது அண்ணன் மேல் அவளுக்குள்ள நம்பிக்கை ஒன்றைத்தான். இதைப் போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதும் சரிதான். நான் போனபிறகு யாரோ சொல்லி அவள் கேட்பதைவிட, நான் பக்கத்தில் இருக்கும்போது கேட்கட்டும்.

வரும் சனிக்கிழமை பிற்பகல் வாருங்கள். மூன்று நிபந்தனை. நான் அந்த அறையில் இருப்பேன். முன்னுரை போடாமல் நேரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் பேச ஆரம்பித்தால் வரவேற்புரைக்கே பொழுது சாய்ந்துவிடும். நான் ஏன் மறைத்தேன் என்பதை நீங்கள் சொல்லக் கூடாது, அது என் பங்கு.

அவளிடம் உங்களுக்காக வாதாட நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருக்கிறேன். உங்களுக்காக நான் வாதாடப் போகிறேன், பாருங்கள் என் தலையெழுத்தை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் கிளம்பிய பிறகு என்ன நடந்தது? ஒரு வரியாவது எழுதுங்கள்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை. நீங்கள் உங்கள் பங்கைச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை, உங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போறீங்களாண்ணா?" என்றாள். வேண்டாம்மா என்றேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி' இன்னும் காதிலேயே இருக்கிறது. திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நானே போட்டேன், யாரும் எடுக்கவில்லை. என் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த அன்றுகூட நான் இப்படி உட்கார்ந்திருந்ததில்லை. அதில் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

அவளை இழந்துவிட்டேனா என்று மட்டும் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன்.

மைத்துனன்


ஏப்ரல் 23

மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே நிலைமை கொஞ்சம் மோசம். இந்தக் கடிதத்தை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

நீங்கள் போனபிறகு சில நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். கதவைச் சாத்துங்க, பால் வந்துருச்சு, இந்த மாதிரி. உங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். தயார் செய்த வாதத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் நானே ஆரம்பித்தேன். "அண்ணனை மன்னிச்சிடு. வயசான காலத்துல..." என்றேன்.

"அண்ணன் பண்ணினது ஒரு நாள் தப்பு. நீங்க பண்ணினது தினம் தினம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்காகத்தானே பண்ணினேன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எனக்காகவா? ராத்திரி எத்தனை தடவை எழுந்து உங்க மூக்குக்கிட்ட கை வச்சுப் பார்த்திருக்கேன்னு தெரியுமா? மூச்சு வருதா, வரலையான்னு. வந்தாத்தான் மறுபடி படுப்பேன். இருபது வருஷத்துக்கு மேல ஒரு ராத்திரி நான் முழுசாத் தூங்கலை. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது மச்சான். சத்தியமாகத் தெரியாது. அந்த வீட்டில் பத்தியம் இருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவளுக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்ற திருப்தியில் நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். பக்கத்தில் அவள் பயந்துகொண்டு விழித்திருந்திருக்கிறாள். அழுதுவிட்டேன். எனக்கு அழத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் அழவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தா நான் ஒரு வருஷம் அண்ணன்கூடப் பேசாம இருந்திருப்பேன். மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். அப்புறம் நானே போயிருப்பேன். அவரை விட்டா எனக்கு யார் இருக்கா? அதைக்கூட நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என் வீட்டுக்குள்ளயே ஒரு மந்திரிசபை நடத்தியிருக்கீங்க. அதுல எனக்கு ஓர் இலாகாகூட இல்லை" என்றாள். நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லையே என்றேன். "பேசாமலே இவ்வளவு பண்ணியிருக்கீங்க. பேசியிருந்தா?" என்றாள். இதற்கு என்ன பதில்? உங்களால் முடிந்தால் சொல்லிப் பாருங்கள்.

நேற்று மத்தியானம் வாசலில் அந்த டி.வி. பெண் நிற்கிறாள், கேமராவோடு. நம் இருவருக்கும் இரங்கல் உரை பதிவு செய்ய உங்கள் தங்கைதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். "இவங்க ரெண்டு பேரைப் பத்தியும் பேச என்னைவிட யாருக்கு உரிமை இருக்கு?" என்றாளாம். என்னை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் என்னைப் பற்றி, பிறகு உங்களைப் பற்றி. மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு தடவை சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஒரு சொல்லும் எனக்கு எட்டவில்லை. அந்தப் பெண் வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. என்னம்மா சொன்னாள் என்று கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உங்கள் சட்டப்படி இனி அதை நம் இருவராலும் வாங்கவும் முடியாது.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக, "கோபம் போயிருச்சா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அதுல சொல்லிட்டேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்வாள். என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்டுவிடாதீர்கள், நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இருவருக்கும் போதும். என்னைப் பற்றி அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்பது, நான் முதலில் போனால் உங்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றிச் சொன்னது, நீங்கள் முதலில் போனால் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் போக வேண்டுமே. வேண்டாம் மச்சான், எனக்கு அது தெரியாமலே இருக்கட்டும்.

மாப்பிள்ளை